சிமுலேஷன் பேஸ்பால் லீக்கில் ரூக்கிகளை வரிசைப்படுத்துவது எப்படி? (31 ஹோம் ரன் அடித்தவன் ஏன் நாலாவது இடம்)

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பக்கம் விசைப்படகை எல்லாம் கட்டிப்போட்டுவிடுவார்கள், 61 நாள் தடைக்காலம். நான் மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், சரக்கு வராத நாளில் எனக்கும் மேலே ஓடுகிற ஃபேனுக்கும் ஒரே வேலைதான். அப்படிச் சும்மா கிடந்த ஒரு தடைக்காலத்தில் துபாயில் இருக்கிற மச்சான் 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டைக் காட்டிக்கொடுத்தான். நாம் மட்டையைத் தொடவே வேண்டாம், டீமை அமைத்துவிட்டால் 162 ஆட்டத்தையும் கம்ப்யூட்டரே ஆடி முடித்து, யார் எத்தனை அடித்தான், யார் எத்தனை விட்டான் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு கொடுத்துவிடும். எனக்குப் பிடித்ததே அந்தக் கணக்குதான்.

இப்போது எங்களிடம் எட்டு டீம். பாம்பன், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று ஊர்ப்பெயர்தான் வைத்திருக்கிறோம், ஆட்டக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். லீக்கை நடத்துவது கீழக்கரை காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள்). சீசன் முடிந்ததும் 'இந்த வருடத்தின் சிறந்த புதுமுகங்கள் (ரூக்கிகள்) யார் யார்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட வேண்டும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களும் செய்கிற மாதிரி அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பேஸ் என்கிற நாலு முனையையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன், பந்தை அடித்து ஒரு பேஸைச் சேர்ந்தால் ஹிட், ஒரே அடியில் முழுச் சுற்றும் வந்தால் ஹோம் ரன், பந்து வீசுகிறவன் பிட்சர், இவ்வளவு தெரிந்தால் போதும். கீழே வருகிற நாலு ஆட்டக்காரர்களின் எண்களும் விளக்கத்துக்காக நான் எழுதிக்கொண்டவை, உங்கள் லீக் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: யார் புதுமுகம்?

சிரிக்காதீர்கள், நான் முதல் வருடம் மண்ணைக் கவ்வியதே இங்கேதான். ஒருவனுக்கு முதலிடம் கொடுத்து, ஏன் கொடுத்தேன் என்று பத்து வரி புகழ்ந்தும் எழுதிவிட்டேன், ராத்திரி பதினோரு மணிக்குக் காக்கா ஒரே வரியில் பதில் போட்டார்: "தம்பி, அவன் போன வருஷமே 141 அட்-பேட் ஆடிட்டான், பாக்கலையா?" அதற்கப்புறம் மச்சான் அனுப்பிய ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

அமெரிக்க மேஜர் லீக் விதி இதுதான். முந்தைய சீசன்களை எல்லாம் சேர்த்து 130 அட்-பேட்டையோ, பிட்சராக இருந்தால் 50 இன்னிங்ஸையோ தாண்டியிருந்தால் அவன் ரூக்கி இல்லை. 45 நாளுக்கு மேல் டீமின் ஆக்டிவ் பட்டியலில் இருந்திருந்தாலும் இல்லை, காயத்தில் கிடந்த நாளை அதில் சேர்ப்பதில்லை. கவனியுங்கள், தாண்டியிருக்க வேண்டும். சரியாக 130 என்றால் இன்னும் ரூக்கிதான். இன்னொன்று, அட்-பேட் வேறு, பிளேட் அப்பியரன்ஸ் வேறு. மட்டையோடு வந்து நின்ற ஒவ்வொரு முறையும் பிளேட் அப்பியரன்ஸ். அதில் நாலு மோசமான பந்தால் சும்மா கிடைக்கிற வாக், உடம்பில் பந்து பட்டுக் கிடைக்கிற பேஸ், தான் அவுட்டாகி இன்னொருவனை முன்னே நகர்த்துகிற சாக்ரிஃபைஸ் இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது அட்-பேட். 130 என்பது அட்-பேட்டுக்குத்தான்.

வெளிநாட்டு லீக்கில் பழுத்தவன் வந்தால்? விதிப்படி அவனும் ரூக்கிதான். ஜப்பானில் ஒன்பது சீசன் ஆடிவிட்டு வந்த இச்சிரோ சுசுகி 2001இல் 242 ஹிட் அடித்து, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் ரூக்கி விருதையும் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருதையும் ஒரே வருடத்தில் வாங்கிப் போனார். இது நியாயமா என்று அங்கேயே சண்டை நடந்தது. உங்கள் லீக்கில் இதை சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள், முடிந்த பிறகு பேசினால் ஆளுக்கொரு நியாயம் கிளம்பும்.

இரண்டாம் படி: எண்களை எடுப்பது

சீசன் முடிந்ததும், அடுத்த வருடத்துக்கு நகர்த்துவதற்கு முன்னால், லீக் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் ரூக்கிகளின் எண்களை மட்டும் சிஎஸ்வியாக எடுத்து கூகுள் ஷீட்ஸில் போடுங்கள். அடிக்கிறவர்களுக்கு அட்-பேட், ஹிட், டபுள், ட்ரிபிள், ஹோம் ரன், வாக், எந்த இடத்தில் நின்று ஃபீல்டிங் செய்தான். பிட்சருக்கு இன்னிங்ஸும் கொடுத்த ரன்னும் போதும்.

இன்னிங்ஸில் ஒரு பொறி இருக்கிறது. 6.2 என்று எழுதியிருந்தால் ஆறு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும் என்று அர்த்தம், கிரிக்கெட்டில் 6.2 ஓவர் மாதிரி. ஷீட்டுக்கு அது தெரியாது. 6.2ஐயும் 7.2ஐயும் கூட்டச் சொன்னால் 13.4 என்று காட்டும், உண்மையில் அது 14.1, ஏனென்றால் மூன்று அவுட்டுக்கு ஓர் இன்னிங்ஸ். அதனால் எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றிக் கூட்டி, கடைசியில் மூன்றால் வகுங்கள்.

மூன்றாம் படி: ஹோம் ரன்னை மறந்துவிட்டு ரன்னை எண்ணுவது

தொண்டியின் முதல் பேஸ்மேன் 31 ஹோம் ரன். பாம்பன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நின்று ஃபீல்டிங் செய்கிறவன்) 12. யார் மேல்? குழுவில் கேட்டால் எல்லாரும் தொண்டி என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர் ஓர் எளிய சூத்திரம் போட்டார், 'ரன்ஸ் கிரியேட்டட்' என்று பெயர். ஹிட்டையும் வாக்கையும் கூட்டுங்கள், அதை மொத்த பேஸால் பெருக்குங்கள், வந்ததை அட்-பேட்டும் வாக்கும் சேர்ந்த தொகையால் வகுங்கள். மொத்த பேஸ் என்றால் சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4.

தொண்டிக்காரன்: 520 அட்-பேட், 130 ஹிட், 22 டபுள், 1 ட்ரிபிள், 31 ஹோம் ரன், 70 வாக். மொத்த பேஸ் 247. 200ஐ 247ஆல் பெருக்கி 590ஆல் வகுத்தால் 84 ரன்.

பாம்பன்காரன்: 570 அட்-பேட், 160 ஹிட், 34 டபுள், 6 ட்ரிபிள், 12 ஹோம் ரன், 58 வாக். மொத்த பேஸ் 242. 218ஐ 242ஆல் பெருக்கி 628ஆல் வகுத்தால் அதே 84.

பார்த்தீர்களா? பத்தொன்பது ஹோம் ரன் வித்தியாசம் எங்கே போனது என்று நானும் முதலில் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். டபுளிலும் ட்ரிபிளிலும் முப்பது கூடுதல் ஹிட்டிலும் கரைந்துவிட்டது. இந்த அடிப்படைச் சூத்திரத்தில் பேஸ் திருடுவது சேராது, வேண்டுமானால் வெற்றியான ஒவ்வொரு திருட்டுக்கும் 0.2 ரன் கூட்டி, பிடிபட்டால் 0.4 கழித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஜெட்டியில் நிற்கிற ஆள்

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் ஊர்க்கதையாகவே சொல்கிறேன். டோக்கன் வாங்கியாச்சு, ஐஸ் ஏற்றியாச்சு, படகு கிளம்பப் போகிறது, ஓர் ஆள் வரவில்லை. ஓனர் என்ன செய்வார்? ஜெட்டியில் சும்மா நிற்கிற யாரையாவது "வர்றியாப்பா" என்று கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். அவனும் வலை இழுப்பான், ஆனால் பழகிய ஆள் அளவுக்கு இல்லை. வராமல் போனவனின் மதிப்பு மொத்தப் பிடிபாட்டில் அவன் பங்கு எவ்வளவு என்பதில் இல்லை, இந்த ஜெட்டி ஆளைவிட அவன் எவ்வளவு கூட இழுப்பான் என்பதில்தான் இருக்கிறது. பேஸ்பாலில் இந்த ஜெட்டி ஆளுக்கு 'ரிப்ளேஸ்மென்ட்' என்று பெயர். டீம் முழுக்க அப்படிப்பட்ட ஆட்களை வைத்து மேஜர் லீக்கில் ஆடினால் 162 ஆட்டத்தில் 48 வெற்றி போலத்தான் வரும் என்று வைத்துத்தான் 'வார்' (ரிப்ளேஸ்மென்டைவிட எத்தனை வெற்றி கூடுதல்) என்கிற பிரபலமான கணக்கைப் போடுகிறார்கள்.

உங்கள் லீக்கில் அந்த ஆளைக் கண்டுபிடிக்க, கீழ் லீக்கிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட்டவர்கள், பெஞ்சில் இருந்து அவ்வப்போது ஆடியவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து, 100 அவுட்டுக்கு எத்தனை ரன் உண்டாக்கினார்கள் என்று பாருங்கள். இங்கே 14 என்று வைத்துக்கொள்கிறேன். அவுட் என்பது அட்-பேட்டில் ஹிட்டைக் கழித்தது.

தொண்டிக்காரன் 390 அவுட், ஜெட்டி ஆள் அதில் 55 ரன் எடுத்திருப்பான், ஆக இவன் கூடுதலாகத் தந்தது 29. பாம்பன்காரன் 410 அவுட், 57 போக 27. இப்போது மூன்றாவது ஆள், ஏர்வாடி லெஃப்ட் ஃபீல்டர், பாதி சீசன் தாண்டி வந்தவன், வெறும் 165 அட்-பேட்: 55 ஹிட், 10 டபுள், 2 ட்ரிபிள், 11 ஹோம் ரன், 23 வாக். கணக்குப் போட்டால் 42 ரன், 110 அவுட்டுக்கு 15 கழித்தால் அவனுக்கும் 27. மூன்றில் ஒரு பங்கு நாளில் பாம்பன்காரனை எட்டிவிட்டான். குறைவாக ஆடினான் என்று இவனை ஒதுக்கிவிடாதீர்கள். 1959இல் வில்லி மெக்கோவி 52 ஆட்டம்தான் ஆடினார், ஹிட்டை அட்-பேட்டால் வகுத்த சராசரி .354, 13 ஹோம் ரன், நேஷனல் லீக் ரூக்கி விருது ஓட்டு ஒன்றுகூடச் சிதறாமல் அவருக்கே போனது.

ஐந்தாம் படி: எங்கே நிற்கிறான்?

ஷார்ட்ஸ்டாப் கிடைப்பது கஷ்டம், முதல் பேஸ்மேன் அப்படியில்லை. இதற்கு அமெரிக்காவில் புழங்குகிற கூட்டல் கழித்தல், முழு சீசனுக்கு, ரன் கணக்கில்: கேட்சர் +12.5, ஷார்ட்ஸ்டாப் +7.5, செகண்ட், தேர்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட் மூன்றுக்கும் +2.5, இரண்டு ஓர ஃபீல்டுக்கும் (லெஃப்ட், ரைட்) −7.5, முதல் பேஸ் −12.5, ஃபீல்டிங்கே செய்யாமல் அடிக்க மட்டும் வருகிறவனுக்கு −17.5. பாதி சீசன் என்றால் பாதி.

பாம்பன் 34.5. ஏர்வாடி, மூன்றில் ஒரு பங்கு சீசன் என்பதால் 2.5 மட்டும் கழித்து 24.5. தொண்டி 16.5. அந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கிறானா என்பது தனி, விளையாட்டிலேயே ஸோன் ரேட்டிங் என்கிற ஃபீல்டிங் கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சீசன் ஸோன் ரேட்டிங்கை நான் பாதிக்குப் பாதிதான் நம்புவேன்.

ஆறாம் படி: பிட்சரும் கடலும்

பிட்சருக்கு எண் குறைந்தால் நல்லது. எங்கள் கம்பெனியில் இறால் கவுண்ட் அப்படித்தான், 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால், 60 கவுண்ட் என்றால் பொடி, எண் குறையக் குறைய விலை ஏறும். கீழக்கரை பிட்சர் 150 இன்னிங்ஸில் 60 ரன் கொடுத்தான். ஜெட்டி பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.4 கொடுப்பான் என்று வைத்தால் அதே 150இல் 90 ரன். மிச்சம் 30. உடனே இரண்டாவது இடமா?

அவசரப்படாதீர்கள். எந்த மைதானத்தில் வீசினான்? பாம்பனில் வடகடல், தென்கடல் என்று இரண்டு இருக்கிறதே, ஒரே நாளில் ஒரு பக்கம் அலை அடித்துக் கிடக்கும், இன்னொரு பக்கம் குளம் மாதிரி இருக்கும், பிடிபாட்டை வைத்து மட்டும் எந்த ஸ்ராங்கு (படகை ஓட்டுகிறவர்) கெட்டி என்று சொல்ல முடியுமா? மைதானமும் அப்படித்தான். டென்வரில் இருக்கிற கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,580 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து பறக்கும், அங்கே ரன் கொட்டும். கீழக்கரைக்கு நாங்கள் வைத்தது நேர்மாறான பெரிய மைதானம், ரன் பத்து சதவீதம் குறையும். பாதி ஆட்டம்தான் சொந்த ஊரில், அதனால் ஐந்து சதவீதம். ஜெட்டி பிட்சரும் அங்கே 90 கொடுக்க மாட்டான், 85.5தான் கொடுப்பான். மிச்சம் 25.5. இதே கழித்தலை அடிக்கிறவர்களுக்கும் செய்ய வேண்டும். இந்த உதாரணத்தில் மற்ற மூன்று மைதானமும் நடுத்தரம் என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் படி: ஒட்டி நிற்கிறவர்கள்

பாம்பன் 34.5, கீழக்கரை 25.5, ஏர்வாடி 24.5, தொண்டி 16.5. சுமார் பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வைத்தால் பாம்பன்காரன் முதலிடம் என்பதில் பேச்சே இல்லை. நடுவில் இருக்கிற ஒரு ரன் வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை, இரண்டு பந்து இப்படி அப்படி உருண்டிருந்தால் மாறிவிடும். ஐந்து ரன்னுக்குள் வந்தால் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பேன். யார் கடைசி மாதத்தில் நல்ல டீம்களுக்கு எதிராக ஆடினான், யார் கடைசி இடத்து டீமை வைத்தே எண்ணை ஏற்றிக்கொண்டான், இந்த மாதிரி. நான் கீழக்கரை பிட்சரை இரண்டாவதாக வைத்தேன், 150 இன்னிங்ஸ் தோள் தாங்கியது எனக்குப் பெரிதாகப் பட்டது. காக்காவின் டீம் என்பதால் வைத்தேன் என்று மச்சான் சொல்வான், சொல்லட்டும்.

அனுப்பும்போது எண்ணோடு ஆளுக்கு இரண்டு வரி காரணமும் சேர்த்து அனுப்புங்கள், வெறும் பட்டியலை யாரும் படிப்பதில்லை. நாங்கள் அப்புறம் ஓட்டும் எடுக்கிறோம், முதலிடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. மச்சான் ஒவ்வொரு முறையும் தொண்டிக்காரனுக்குத்தான் 5 போடுகிறான். இவ்வளவு கணக்கையும் அனுப்பி, "பாத்தியா?" என்று கேட்டேன். "பாத்தேன் மாப்ள, முப்பத்தொண்ணு" என்று பதில் வந்தது.