தொழிலாளர் வாக்குக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலாளர் ஆதரவை நம்பியிருக்கும் ஒரு கட்சி தோற்றால், தேர்தல் முடிவு வந்த மறுநாளே, "தொழிலாளர்கள் கட்சியைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எத்தனை பேர், எந்தத் தொகுதிகளில், எதிர்க்கட்சிக்குப் போனார்களா அல்லது வாக்குச்சாவடிக்கே வரவில்லையா என்று பிரித்துப் பார்க்காத கட்சி, அடுத்த தேர்தல் வரை தவறான ஆட்களிடம் தவறான விஷயத்தையே பேசிக்கொண்டிருக்கும்.

யார் தொழிலாளர் என்பதை முடிவு செய்யாமல் தொடங்குவது

பிரிட்டனில் கருத்துக்கணிப்பாளர்கள் சி2, டி, இ என்ற மூன்று சமூகப் படிநிலைகளைச் சேர்த்துத் தொழிலாளர் வர்க்கமாகக் காட்டுவார்கள். இதில் 'இ' பிரிவில் வேலையில்லாதவர்களோடு, அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் முதியவர்களும் அடக்கம். அதனால் வர்க்க வேறுபாடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வயது வேறுபாடுதான். அமெரிக்காவில் 'கல்லூரிப் பட்டம் இல்லாதவர்' என்பதே அளவுகோல். பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் பட்டமில்லாத ஒப்பந்தக்காரர் அங்கே தொழிலாளர் ஆகிவிடுவார். பட்டம் பெற்ற செவிலியர் வெளியே நிற்பார். தொழில், கல்வி, வருமானம், தன்னை எந்த வர்க்கம் என்று அவரே சொல்லிக்கொள்வது என நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். நான்கும் ஒரே திசையில் நகர்ந்தால் மட்டுமே 'வர்க்கம் நகர்ந்தது' என்று சொல்லுங்கள்.

தொழிற்சங்க உறுப்பினர்களையே மொத்தத் தொழிலாளர்களாக எண்ணுவதும் இதே வகைத் தவறு. இன்றைய பிரிட்டனில் சங்கம் வலுவாக இருப்பது பொதுத்துறையில். அங்கே பட்டதாரிகள் ஏராளம்.

மாறியவரையும் வராதவரையும் ஒன்றாகக் கருதுவது

அதிகம் சேதம் செய்யும் தவறு இதுதான். ஒரு பிரிவு கட்சிக்குத் தரும் வாக்குகள் மூன்று எண்களின் பெருக்கல்: அந்தப் பிரிவின் அளவு, வாக்குப்பதிவு விகிதம், அதில் கட்சிக்குக் கிடைத்த பங்கு. அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1972-இல் அமெரிக்கக் கட்சிகளின் கூட்டணிகளை ஆராய்ந்ததும் இந்த மூன்றை வைத்துத்தான்.

ஒரு தொகுதியில் 40,000 தொழிலாளர் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் வாக்களித்தால் 20,000. உங்கள் கட்சிக்கு 45 சதவீதம், அதாவது 9,000, எதிர்க்கட்சிக்கு 8,000. உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஆயிரம் பேர் அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிட்டால், இரு கட்சியும் 8,000 என்று சமநிலை. அதே ஆயிரம் பேர் எதிர்க்கட்சிக்குப் போனால் அவர்கள் 9,000, நீங்கள் 8,000. கட்சி மாறும் ஒரு வாக்கு வித்தியாசத்தை இரண்டால் மாற்றுகிறது. வராத வாக்கு ஒன்றால்தான்.

இரண்டுக்கும் மருந்து வேறு. மாறியவரிடம் கொள்கை பேச வேண்டும், நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். வராதவருக்கு முதல் தடை வேறெங்கோ இருக்கலாம். அமெரிக்காவில் தேர்தல் நாள் 1845 சட்டப்படி செவ்வாய்க்கிழமை. மணிக்கூலி பெறுபவருக்கு அது வேலை நாள். பெரும்பாலான மாநிலங்களில் வீடு மாறினால் வாக்காளர் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். அடிக்கடி வீடு மாறுபவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். இவர்களை 'அக்கறையற்றவர்கள்' என்று ஒதுக்குவது அநியாயம், கணக்காகவும் தவறு.

நாடு முழுவதற்கான சதவீதத்தை மட்டும் பார்ப்பது

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் டிரம்பிடம் தோற்றார். மாநிலவாரியாக முடிவாகும் அந்தத் தேர்தலில் தோல்வியைத் தீர்மானித்தவை பழைய தொழிற்சாலைப் பகுதிகள் நிறைந்த மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா. மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 78,000-க்கும் குறைவு.

பிரிட்டன் தொழிற்கட்சி 2015-இல் 30.4 சதவீத வாக்குகளுடன் 232 இடங்கள் பெற்றது. 2019-இல் வாக்கு 32.1 சதவீதமாக உயர்ந்தும் இடங்கள் 202-ஆகக் குறைந்தன. 1950 முதல் அக்கட்சி வசமிருந்த போல்சோவர் போன்ற சுரங்கத் தொகுதிகள் கைநழுவின. வலதுசாரி வாக்குகள் அங்கெல்லாம் பெரும்பாலும் கன்சர்வேடிவ் கட்சியிடம் குவிந்தன. 2024-இல் அந்த வாக்குகள் பிளவுபட்டபோது, தொழிற்கட்சி 33.7 சதவீதத்துடன் 411 இடங்களை வென்றது. ஒன்றரைப் புள்ளி உயர்வில் இடங்கள் இருமடங்கானதை 'தொழிலாளர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்' என்று படிப்பது பெரும்பிழை.

தொகுதியைப் பார்த்து மனிதரைக் கணிப்பது

தொழிலாளர்கள் அதிகமுள்ள தொகுதியில் கட்சியின் வாக்கு சரிந்தால், சரிந்தது தொழிலாளர் வாக்கு என்று ஆகாது. அங்குள்ள கடைக்காரர்களோ ஓய்வு பெற்றவர்களோ மாறியிருக்கலாம். சமூகவியலாளர் ராபின்சன் 1950-இலேயே எச்சரித்த பிழை இது. தொகுதித் தரவுடன் தனிநபர் கணிப்பையும் ஒப்பிட வேண்டும்.

அந்தக் கணிப்பிலும் கவனம் தேவை. 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலவரத்திலிருந்து கணிப்பு விலகக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதப் புள்ளி. அதில் தொழிலாளர்கள் 150 பேர்தான் என்றால் அவர்களுக்கான வரம்பு 8 புள்ளி. இரண்டு கணிப்புகளுக்கு இடையிலான மாற்றத்தை அளந்தால் வரம்பு 11 புள்ளி வரை போகும்; ஐந்து புள்ளிச் சரிவைத் தலைப்புச் செய்தியாக்குவதில் பொருளில்லை. ஒரே முறையில் எடுத்த ஐந்து கணிப்புகளைச் சேர்த்தால் 750 பேர் கிடைப்பார்கள், வரம்பும் 4 புள்ளிக்குள் வந்துவிடும். கல்வி அளவின்படி எடையிட்டார்களா, அதாவது பட்டதாரிகளும் பட்டமில்லாதவர்களும் மக்கள்தொகையில் உள்ள விகிதத்துக்கு ஏற்பப் பதில்களைச் சரிசெய்தார்களா என்றும் பாருங்கள். 2016-இல் பல அமெரிக்க மாநிலக் கணிப்புகள் அதைச் செய்யவில்லை. கணிப்புக்குப் பதில் சொன்னவர்களில் பட்டதாரிகள் கூடுதலாக இருந்ததால், டிரம்பின் ஆதரவு குறைவாகப் பதிவானது.