லாரி ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததும் ‘பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறே அதுதான். தளர்ந்த பெல்ட், பச்சை பூத்த டெர்மினல், எரிந்துபோன ஃபியூஸ் எல்லாம் அதே விளக்கைத்தான் எரியவைக்கும். ஸ்பேனரை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். 12 வோல்ட் வண்டியில் நல்ல பேட்டரி என்றால் எஞ்சின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டும். 24 வோல்ட் வண்டியில் ஓடும்போது 28 பக்கம் நிற்கும். ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டியிருக்கும் முனையிலும் அளந்து பாருங்கள். அங்கே சரியாக வந்து பேட்டரியில் வராவிட்டால், கோளாறு நடுவில் உள்ள கேபிளிலோ ஃபியூஸிலோ இருக்கிறது. இன்னொன்று: சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரியவே இல்லை என்றால், அந்த பல்பையும் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி ‘எஞ்சின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது’ என்று சோதிக்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாதபோது வோல்ட்டேஜ் சட்டென்று எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடும் போகலாம், எஞ்சின் கம்ப்யூட்டரும் போகலாம்.

அப்புறம், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் கை வைப்பது. அந்தத் தடித்த வயர் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருப்பது. சாவியை எடுத்துவிட்டால் மட்டும் அதில் கரண்ட் நிற்காது. ‘ஒரே ஒரு நட்டுதானே’ என்று நானும் ஒருநாள் நினைத்தேன். ஸ்பேனரின் மறுமுனை எஞ்சின் பிளாக்கில் உரசியது. பளீரென்று ஒரு வெளிச்சம். அந்த 13 சைஸ் ஸ்பேனரின் ஓரத்தில் கடித்தெடுத்தது போன்ற பள்ளம் இன்னும் இருக்கிறது. நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

பெல்ட்டைக் கழற்றும் முன் அது ஓடும் பாதையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் பூட்ட ஆரம்பிப்பதும் பலர் செய்கிற தவறு. போல்ட் துளைகள், புல்லியின் பள்ளங்கள், சாக்கெட், வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

சில சிறிய டீசல் லாரிகளில் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு வேக்யூம் பம்ப் சேர்ந்தே இருக்கும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்யூம் கொடுப்பது அதுதான். அதற்கு எஞ்சின் ஆயில் வர ஒரு குழாய், திரும்பிப் போக ஒரு குழாய். பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டால் ஆயில் கசியும்; ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் பம்ப் காய்ந்து இறுகிவிடும். வேக்யூம் ஹோஸைச் சரியாகச் செருகவில்லை என்றால் பிரேக் மிதி கல்லாகிவிடும். வண்டியை நகர்த்தும் முன், எஞ்சினை நிறுத்திய நிலையில் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். மிதி இறுகியதும் கால் எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

பூட்டும்போது கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள், ஆல்டர்னேட்டரின் உடம்பு அலுமினியம். பெரும்பாலான வண்டிகளில் எர்த் அது உட்காரும் பிராக்கெட் வழியாகத்தான் போகிறது, அதனால் துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் சுழற்றி ஏற்றுங்கள். பின்புறம் தடித்த வயரைப் பிடிக்கும் நட்டு தளர்வாக இருந்தால் சூடாகி உருகும், மூர்க்கமாக முறுக்கினால் ஸ்டட் முறியும்.

செத்துக் கிடக்கும் பேட்டரியைப் புது ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டாதீர்கள். வெளியே சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே முழு பாரத்தையும் இழுத்துச் சூடாகும். மேலிருந்து கூலன்ட்டோ ஆயிலோ சொட்டுகிறதா என்றும் பாருங்கள். பழையதைக் கொன்றது அந்தச் சொட்டாகவும் இருக்கலாம்.

கடைசியாக, எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். புது வி-பெல்ட் என்றால் கொஞ்ச தூரம் ஓடியதும் லேசாகத் தளரும். மறுநாள் ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டு விரலால் அழுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் இழுத்து வையுங்கள்.