தோப்பில் பிறந்தநாள்: 50 பேருக்குச் சுட்ட கோழி

50 பேர் என்றால் எலும்போடு 15 கிலோ கோழி வாங்குங்கள், ஆளுக்கு 300 கிராம் கணக்கு. முழுக்கோழி வேண்டவே வேண்டாம், தொடையோடு சேர்ந்த லெக் பீஸ்தான் தணலுக்குத் தாங்கும், நெஞ்சுக்கறி கொஞ்சம் அசந்தாலும் சக்கையாகிவிடும். ஆழமாக மூன்று கீறல் போட்டு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, தயிர், உப்பு பிசறி முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோப்புக்கு ஐஸ் பெட்டியில்தான் போக வேண்டும்.

கரி பற்றியதும் கறியை அடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் மேலே சாம்பல் வெள்ளையாகப் பூக்கும், அப்போதுதான் பதம். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கறியை வைத்து மூடி 40 நிமிடம் விடுங்கள், அப்புறம் தணல் மேல் புரட்டி நிறம் ஏற்றலாம். ஒருமுறை நான் அவசரப்பட்டு நேரே தணலில் போட்டேன்: வெளியே கருகல், எலும்போரம் ரத்தம், மாமா ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்திவிட்டார். இப்போது தெர்மாமீட்டர் இல்லாமல் போவதில்லை. தடித்த இடத்தில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் எல்லாம் அடுப்பில் கொள்ளாது, மூன்று ஈடாகச் சுடுங்கள். முதல் ஈடு குழந்தைகளுக்கு. பச்சைக்கறி தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். மிச்சமானது 2 மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குப் போகட்டும்.