சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி: படம் பாக்கறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

ஜேன் ஆஸ்டின் நாவல வெச்சு 1995ல ஆங் லீ டைரக்ட் பண்ண சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டிய பாத்துட்டு நெறைய பேர் சொல்றது, படம் அழகா இருக்கு ஆனா செம ஸ்லோ, டீ குடிக்கறாங்க, நடக்கறாங்க, அழறாங்க, அவ்ளோதான்னு. வெறும் லவ் ஸ்டோரின்னு நெனச்சு உக்காந்தா அப்படித்தான் தெரியும். அதுதான் முதல் தப்பு, இருக்கறதுலயே பெரிய தப்பும் அதுதான். ஏன்னா இது காசப் பத்தின படம்.

ஆரம்பத்துலயே பாருங்க, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த இங்கிலாந்து. அப்பா சாகக் கெடக்கார், சொத்து மொத்தமும் மூத்த தாரத்து மகன் ஜானுக்குப் போகுது, எளைய தாரத்தையும் மூணு பொண்ணுங்களையும் பாத்துக்கப்பான்னு அவன்கிட்ட வாக்கு வாங்கறார். ஜானும் 3000 பவுண்ட் குடுக்கலாம்னுதான் நெனைக்கறான். அவன் பொண்டாட்டி ஃபேனி பேசப் பேச அது 1500 ஆகுது, அப்புறம் வருஷத்துக்கு 100, அப்புறம் எப்பவாச்சும் ஒரு 20, கடைசில ஒண்ணுமே இல்ல. படம் இப்பதான ஆரம்பிக்குதுன்னு போன நோண்டிட்டு இருந்தா அஸ்திவாரத்தையே விட்டுட்டீங்கன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நாலு பேருக்கும் சேத்து வருஷத்துக்கு வெறும் 500 பவுண்ட்தான், டெவன்ல ஒரு சின்ன வீட்டுக்குப் போயிடறாங்க, சக்கரைய நிறுத்தினது பத்தாதுன்னு இப்ப மாட்டுக்கறியுமான்னு வீட்டுல கேக்கறாங்க, கட்டுப்படியாகலன்னு மூத்த பொண்ணு எலினார் சொல்றா. அந்த மாதிரி குடும்பத்துப் பொண்ணுங்க வேலைக்குப் போக முடியாது, சொத்தும் வராது, மிச்சம் இருக்கறது கல்யாணம்தான். இத மனசுல வெச்சுகிட்டு பாத்தா ஒவ்வொரு டின்னர் சீன்லயும் நெஞ்சு பதறும். ரெண்டாவது பொண்ணு மரியான காதலிச்ச வில்லபி, அவள விட்டுட்டு யார்கிட்ட போறான்? 50,000 பவுண்டோட வர்ற மிஸ் கிரேகிட்ட.

அடுத்த தப்பு, எலினாருக்குப் பிடிச்ச எட்வர்ட முதுகெலும்பு இல்லாதவன்னு திட்டறது. அவனா நடிச்ச ஹியூ கிராண்ட் தயங்கித் தயங்கிப் பேசறதுனால அப்படித் தோணும்தான். ஆனா சின்ன வயசுலயே அவன் லூசிங்கற பொண்ணுக்கு கட்டிக்கறேன்னு ரகசியமா வாக்கு குடுத்திருக்கான். அந்தக் காலத்துல ஆம்பள வாக்கு குடுத்தா பின்வாங்கக் கூடாது, பொண்ணு நெனச்சா விடுவிக்கலாம், அவன் நெனச்சா முடியாது, மீறினா கேஸ் போடக்கூட வழி இருந்துச்சு. அம்மா சொத்த தர மாட்டேன்னு சொல்லியும் பிடிக்காத பொண்ணுக்காக நிக்கறான் பாருங்க, அது கோழைத்தனம் இல்ல. மரியான் லண்டன்ல உக்காந்து வில்லபிக்கு லெட்டர் எழுதறதும் இதே கணக்குதான். நிச்சயம் ஆகாத பொண்ணு ஒரு ஆம்பளைக்கு லெட்டர் எழுதக்கூடாது, அதான் அவ எழுதறதப் பாத்ததும் அப்போ இவங்களுக்குள்ள நிச்சயம் ஆயிடுச்சு போலன்னு அக்காவே நம்பிடறா. ஆனா அப்படி எதுவுமே நடக்கலன்னு தெரிய வர்றப்போதான் மரியான் எவ்ளோ பெரிய ஆபத்துல நிக்கறான்னு புரியும்.

எலினாருக்கு உணர்ச்சியே இல்லன்னு சொல்றவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். லூசி அவளத் தனியா கூட்டிட்டுப் போய் எட்வர்டோட நிச்சயம் ஆனத சொல்லி, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடறா, அதுக்கப்புறம் தங்கச்சிகிட்ட கூட வாய் தெறக்காம அதச் சுமந்துட்டே தங்கச்சியோட அழுகைக்கும் தோள் குடுக்கறா. கடைசில எட்வர்டுக்கு கல்யாணம் ஆகல, லூசிய கட்டிகிட்டது அவன் தம்பின்னு தெரிஞ்சதும் எலினாரா நடிச்ச எம்மா தாம்சன் வெடிச்சு அழறாங்களே, அந்த அழுகை படம் முழுக்க அடக்கி வெச்சது. ஒருத்தர் முன்னாடி அழறோமேன்னு கூட தோணாம அழறாங்க. அவ மொகத்த முன்னாடியே கவனிக்காம விட்டவங்களுக்கு அந்த சீன் திடீர்னு வந்த மாதிரி இருக்கும்.

நாவல்ல இருக்கறது அப்படியே இல்லன்னு கொற சொல்றதும் வேண்டாம். ஜேன் ஆஸ்டின் 1811ல பேர் போடாம வெளியிட்ட கதைல எலினாருக்கு 19 வயசு, படத்துல பண்ணும்போது எம்மா தாம்சனுக்கு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, நாவல்ல வர்ற லேடி மிடில்டன் ஆளே இல்ல, கடைசித் தங்கச்சி மார்கரெட்டுக்கு உயிர் குடுத்திருக்காங்க. ஸ்க்ரிப்ட் எழுதினதும் எம்மா தாம்சன்தான், அதுக்கு ஆஸ்கரும் வாங்கினாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வருத்தம், மரியான் சாகக் கெடக்கும்போது வில்லபி ஓடி வந்து எலினார்கிட்ட எல்லாத்தயும் கொட்டற இடத்த எடுத்துட்டாங்க, அதுக்காகவே புக்க படிங்க. அப்புறம் இத விக்டோரியன் படம்னு எழுதாதீங்க, விக்டோரியா ராணி ஆனது 1837ல.

கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் இந்தப் படத்தோட ரீமேக்னு சொல்றதும் தப்பு, ரெண்டும் அதே நாவல்லருந்து வந்ததுதான். 2000ல ராஜீவ் மேனன் ரகசிய நிச்சயத்தயே தூக்கிட்டு, அஜித்துக்கு டைரக்டர் ஆகணும்ங்கற கனவ தடையா வெச்சார். வீடு போனதும் தபு சென்னைக்கு வந்து வேலைக்குப் போறாங்க, ஐஸ்வர்யா ராய் பாட வர்றாங்க. எலினாருக்கு அந்தக் கதவு பூட்டிக் கெடந்துச்சு. அதனால ரெண்டுல எது பெட்டர்னு சண்ட போடாம, பணம் இல்லாமப் போனதும் இங்க என்ன பண்றாங்க, அங்க என்ன பண்ண முடியலன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஆங் லீ படத்த முதல்ல பாத்துட்டு இதப் பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்.