பழைய தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதற்கு முன்

பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை விலைபேச உட்காருகிறவர், முதலில் அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். முன்பக்கத்துத் தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடு) கற்களும் கண்ணை மயக்கவே பதிக்கப்பட்டவை. பலகைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துப் படம் (1798–1832) என்று பெரும்பாலான வியாபாரிகள் சொல்வார்கள். பின்னால் பிளைவுட்டின் அடுக்குகள் தெரிந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பழைய ஓவியர்கள் பெரும்பாலும் பலா மரப் பலகைமேல் துணியை ஒட்டி, அதன்மீது சுண்ணப் பொடியும் கோந்தும் கலந்த மக்கைப் பூசி, நகைகளும் தூண்களும் வரும் இடங்களில் அதையே மேடாக எழுப்பி, ரேக்கு ஒட்டினார்கள். பலகைகளை இணைத்துச் செய்த படத்தில், மரம் சுருங்கி இணைப்பு விலகும்போது முன்பக்கத்திலும் அதே கோட்டில் வெடிப்பு விழும். எனவே முன்பக்கத்து நீண்ட வெடிப்பு பின்பக்கத்து இணைப்போடோ மரப்பிளவோடோ பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். பொருந்தாத வெடிப்பு வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டதாக இருக்கலாம். வண்டு அரித்த துளைகள் மரத்துக்குள் வளைந்து செல்லும். துளைக்கருவி போட்டவை நேராகவும் ஒரே அளவிலும் இருக்கும். காலத்தின் அழுக்கு ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்திருக்கும். பழமையாகக் காட்டப் பூசிய சாயமோ எங்கும் சீராகப் படிந்திருக்கும்.

சட்டத்தை நம்பி வயதைத் தீர்மானிக்க வேண்டாம். பழைய தேக்குச் சட்டத்தில் புதுப்படத்தைப் பொருத்துவது எளிது.

பிறகு டார்ச் விளக்கைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மக்கு எங்கே உப்பியிருக்கிறது, எங்கே பின்னாளில் பூசி மறைத்திருக்கிறார்கள் என்பது நிழலிலேயே தெரியும். அசல் தங்கம் கறுப்பதில்லை. பித்தளை ரேக்கு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். தெய்வத்தின் முகத்தைத் திருத்தி எழுதியிருந்தால், மற்றதெல்லாம் நன்றாயிருந்தாலும் நான் வாங்கமாட்டேன். மங்கிய அசல் முகமே மேல். அந்த வேறுபாட்டைக் கண் பழகுவதற்கு எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சை அரண்மனையிலும் உள்ள படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விலை படிந்தாலும் தாள்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த ஓவியம் தொல்பொருளாகிறது. விற்பவருக்கு உரிமம் வேண்டும், வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் மழுப்பலாக இருந்தால், திருட்டுப் பொருளாக இருக்கவும் கூடும்.

வீட்டுக்கு வந்த படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கோந்து நீரில் கரையும், மக்கு பெயர்ந்துவிடும். மழைநீர் ஊறும் வெளிச்சுவரையும் வெயில் விழும் சுவரையும் தவிர்த்து, பின்னால் காற்றோட்டத்துக்கு விரலளவு இடைவெளி விட்டு மாட்டுங்கள். கரையான் மண் ஏறுகிறதா என்று அவ்வப்போது இறக்கிப் பாருங்கள்.