நிற்க மறுத்த தண்ணீர் மோட்டர்

உப்புவெளியில் ஒரு விடுதியில், தொட்டி நிரம்பி மிதவைச் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்த பின்பும் மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்து மேல்தொட்டி வழிந்தது. பகிர்வுப் பெட்டியைத் திறந்தபோது, மோட்டருக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சான மொடியூலர் கொன்டாக்டரின் கொயிலுக்கு (காந்தச் சுருளுக்கு) மின்சாரம் இல்லாதிருந்தும் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முகப்பிலுள்ள 25 அம்பியர் என்பது ஏசி-7ஏ வகைக்கு, அதாவது ஹீட்டர் போன்ற சுமைகளுக்கே உரியது. மோட்டருக்கான ஏசி-7பி அளவு, பக்கவாட்டில் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், 8.5 அம்பியர் என்றிருந்தது. மோட்டர் தகட்டிலோ 10 அம்பியர்.

பிரதான சுவிட்சை அணைத்து, மின்னழுத்தம் இல்லையெனச் சோதித்த பின், ஏசி-7பி அளவு 15 அம்பியர் கொண்ட, 230 வோல்ட் கொயிலுடைய 40 அம்பியர் கொன்டாக்டரைப் பொருத்தினேன். கச்சான் காற்றுக் காலத்தில் பெட்டியே கொதிப்பதால், அருகிலுள்ள பிரேக்கர் வீணாகத் துண்டிக்காதிருக்க, இடையில் 9 மில்லிமீற்றர் இடைவெளித் துண்டையும் செருகினேன்.