ஜெபம் வறண்டுபோன காலத்தில் விசுவாசியாக நடப்பது எப்படி

"ஆவிக்குரிய போராட்டம்" என்றவுடன் நம்மூரில் பலருக்கு நினைவு வருவது இரவிரவாகச் சத்தம்போட்டு பிசாசை அதட்டும் முழு இரவு ஜெபம்தான். அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கல்லடியிலோ கல்லாற்றிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் ஒரு சாதாரண விசுவாசி உண்மையில் போராடுவது வேறொன்றோடு. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வராது, ஆராதனையில் எல்லாரும் கையை உயர்த்திப் பாடும்போது தனக்கு மட்டும் நெஞ்சு இறுகிக் கிடக்கும், ஞாயிறு பூசைக்குப் போவதே பாரமாக இருக்கும், "கடவுள் கேட்கிறாரா" என்று வாய்விட்டுக் கேட்டால் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று ஒரே சொல்லில் வாயை அடைத்துவிடுவார்கள். அந்த ஆளுக்குத்தான் இதை எழுதுகிறேன், கத்தோலிக்கராக இருந்தாலும் சரி, மெதடிஸ்த சபையாக இருந்தாலும் சரி, ஓலைக்கொட்டிலில் கூடும் சிறிய சபையாக இருந்தாலும் சரி.

பழைய உணர்வு திரும்பி வரட்டும், அப்புறம் செய்வோம் என்று காத்திருக்க வேண்டாம். உணர்வு இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்வதும் விசுவாசம்தான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். எலியா கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட கையோடு வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். 1 இராஜாக்கள் 19ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, "ஏன் விசுவாசம் போச்சு" என்று கேட்கவும் இல்லை, சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழும்பிச் சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுக்கிறார், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே வெறும் பிளேன்ரீயோடு இரவு இரண்டு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, காலையில் வேத வசனம் மனதில் ஒட்டவில்லை என்று அழுதால், அங்கே பிரச்சினை வசனத்தில் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை, செத்தால் நல்லது என்று எண்ணம் வருகிறது என்றால் அது ஜெபத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டு உபவாசம் இரு என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு அபிஷேகம் பெற்றவராக இருந்தாலும் அந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

சரி, ஜெபத்துக்கு வருவோம். சொந்த வார்த்தை வராவிட்டால் இரவல் வார்த்தையை எடுங்கள். சங்கீதங்களில் பெரும் பங்கு முறைப்பாடுதான், நாம் சுவரில் மாட்டுவதற்கு 23ஐயும் 91ஐயும் மட்டும் எடுத்துக்கொண்டோம். 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டும் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று நேரடியாகச் சண்டை பிடிக்கின்றன, அடுத்த இரண்டும் கேட்கின்றன, கடைசி இரண்டில்தான் நம்பிக்கை வருகிறது. வாய்விட்டு வாசியுங்கள், "சத்துரு" என்று வரும் இடத்தில் உங்களுடைய சத்துருவின் பெயரைப் போடுங்கள். அது ஆளாகவே இருக்கவேண்டும் என்றில்லை, கடனாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், விடாமல் துரத்தும் குற்ற உணர்வாகவும் இருக்கலாம். கடைசி இரண்டு வசனங்களை மனதாரச் சொல்ல முடியாத நாளில் நான்காவதோடு நிறுத்துங்கள், ஒரு குற்றமும் இல்லை. 88ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சம் காணாமல் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்துத்தான் நமக்குத் தந்திருக்கிறார்கள்.

நம்முடைய மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இந்த ஜெபம் தேவைதான். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு காலையில் நாவலடியைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். அந்த வீடுகளில் போய் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வருவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து "எதுவரைக்கும்" என்று சேர்ந்து கேட்பது கூடுதல் வேதபூர்வமானது என்பது என் எண்ணம்.

அடுத்தது, ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் இதில் கெட்டிக்காரர்: சோதனைக்காரனுக்கு இரகசியம் பிடிக்கும், விஷயத்தை ஓர் அனுபவமுள்ள ஆளிடம் திறந்துவிட்டால் அவன் திட்டம் கெட்டுப்போகும் என்கிறார். மெதடிஸ்தர்களிடம் இதற்கு வேறொரு வழி இருந்தது. 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்க முடிவெடுத்து, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை நியமித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்த வீடுகளின் உண்மை நிலை தெரியவந்தது, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே வாராந்த வகுப்புக் கூட்டமாக மாற்றி, "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வைத்தார். நமது ஊர்களில் நுண்கடன் குழுக்கள் வாராவாரம் கூடும்போது கட்டுக்காசு வந்ததா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்! இரண்டு மூன்று பேர் போதும், கிழமைக்கு ஒரு தடவை, அரை மணித்தியாலம், சொன்னது வெளியே போகக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாகப் போடுவது இதற்கு ஈடாகாது, அது மறுநாள் சந்தைக்கு வந்துவிடும்.

இஞ்ஞாசியாரின் இன்னொரு விதியைத்தான் எல்லாவற்றிலும் பெரியதாக நினைக்கிறேன்: மனம் இருண்டிருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. சபை மாறுவது, பாடகர் குழுவை விடுவது, நிச்சயம் பண்ணியதை முறிப்பது, எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். (அடி, துஷ்பிரயோகம், மிரட்டல் உள்ள இடத்துக்கு இது பொருந்தாது. அங்கிருந்து வெளியேறத்தான் வேண்டும்.) தீர்மானத்தை மாற்றாதே என்பவர் சும்மா இருக்கவும் சொல்லவில்லை, ஜெபத்தைக் குறைக்கத் தோன்றும்போது கொஞ்சம் கூட்டு என்கிறார். பத்து நிமிடம் என்றால் பதினொன்று.

மனம் வராத நாளில் கைக்கு வேலை கொடுங்கள். மாரி வெள்ளத்தில் பள்ளிக்கூடங்கள் முகாமாகும்போது அங்கே வெங்காயம் உரிக்க யாருக்கும் பரவசம் தேவையில்லை. வார்டில் ஆள் துணை இல்லாமல் கிடக்கும் ஒருவருக்குச் சுடுதண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், அயலில் இருக்கும் இந்துவுக்கோ முஸ்லிமுக்கோ ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். போகும் வழியில் மாற்கு 9:24ல் அந்தத் தகப்பன் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அந்த அரைகுறை விசுவாசத்தைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைச் சுகமாக்கினார்.

"காணிக்கையை விதைத்தால் போராட்டம் நீங்கும்" என்று இந்த நேரத்தில் யாராவது வந்தால் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை.

நீங்கள் போராடும் ஆள் இல்லை, உங்கள் சிநேகிதிதான் சில மாதமாக ஆலயப் பக்கமே வரவில்லை என்றால், வசனம் அனுப்புவதை நிறுத்திவிட்டு ஒரு பார்சல் புட்டோடு போங்கள். என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். கிளம்பும்போது, "ஞாயிறு காலை ஓட்டோவில் வாறேன், விருப்பம் என்றால் ஏறு, கடைசி வாங்கில் இருப்போம், ஏலாது என்றால் பாதியில் எழும்பி வந்துவிடுவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஞாயிறு காலை ஓட்டோவோடு வாசலில் நில்லுங்கள்.